நேற்றைய ரத்தம்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, குளிர்பெட்டிகள் உறுமிக்கொண்டிருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘மிச்சம்’ என்று பெயர். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் ‘அக்கா’வைச் சேர்த்துக்கொள்வார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் கோபித்துக்கொண்டதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தவிர, பெயரில் பொய்யும் இல்லை.

கூடத்தில் மற்ற ஊழியர்கள் ரத்தத்தைச் சோதித்து முடிவை அனுப்பியதும், அன்று மாலையே குழாயைக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். அவள் போடமாட்டாள். மறுநாள் அதே ஆளின் புது ரத்தம் வந்து, புது எண் வந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் பழைய குழாய்க்கு விடுதலை. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு முழுக்க அவளுடைய நேற்றைய குழாய்கள். பரிசோதனை மருந்துப் புட்டியின் அடியில் நான்கு சொட்டு தங்கியிருந்தால்கூட, தேதி எழுதி ஒட்டி ஓரமாக நிறுத்திவைப்பாள்.

“அக்கா, புதுசு வைக்க இடமில்ல. உங்க ஆளுங்க எப்பதான் காலி பண்ணுவாங்க?” என்று கேட்பார்கள்.

“வாடகைக்கு இருக்கறவங்கப்பா. நாளைக்குப் போயிடுவாங்க. அதுக்குள்ள நாளைக்கு உள்ளவங்க வந்துடுவாங்க,” என்பாள்.

வீட்டிலும் இதே கதைதான். ரப்பர் பட்டை, காலி டப்பா, சட்டை கிழிந்தால் அதன் பொத்தான், எதுவும் அவள் கையிலிருந்து தப்பிக் குப்பைக்குப் போனதில்லை. இதை வைத்து அவளை ஓட்டுவதற்கென்றே ஒருத்தி இருந்தாள்: அவள் நாத்தனார், கணவரின் தங்கை. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கணக்கையே கட்டிக்கொண்டவள். விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண்ணை வெட்டிவிடுவாள். “பன்னெண்டுன்னு எழுதியிருக்கியே, பன்னெண்டு என்ன? ஆடா? மாடா? லிட்டரா?” என்று அவள் கேட்டால், வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் முதுகு நிமிரும்.

அந்த வாய் வீட்டிலும் ஓயாது. யாராவது விருந்தாளி வந்து, “உங்க அண்ணி என்ன வேலை பாக்கறாங்க?” என்று கேட்டால் போதும்.

“எங்க அண்ணியா? ஆஸ்பத்திரியில சீசா மூடி திறக்கற வேலை. திறந்த மூடியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துடுவாங்க, பாத்து உக்காருங்க,” என்பாள் டீச்சர்.

எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பாள். சிரித்து முடித்து அடுப்படிக்குப் போகும்போது நெஞ்சில் ஒரு முள் மட்டும் நின்றிருக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்த முள்ளும் வாடகைக்கு இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தத் தொற்று வந்தது. உலகத்தையே வீட்டுக்குள் பூட்டிய அந்த வருடத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணுகளா. ஒவ்வொருவர் வீட்டிலும் அதன் தழும்பு இருக்கும். டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் மூச்சு வாங்கியது. ஆறாம் நாள் அதே மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், தீவிரக் கண்காணிப்பு வார்டில், ஏழாம் எண் படுக்கையில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள்.

பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. அண்ணியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த மருத்துவமனை லிஃப்டையே மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டு ஓடவைப்பவர். அவரே அதில் ஏறி மூன்றாவது மாடிக்குப் போக முடியாமல் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார். மேலே தங்கை, வெளியே அண்ணன். தினமும் காலையில் அந்த லிஃப்டில் இறங்கி வந்தது தங்கையின் ரத்தம் மட்டும்தான். அதைக் கையில் வாங்குகிறவள் கீழ்த்தளத்தில் இருந்த அண்ணி.

“உன் கையிலதான் அவ இருக்கா,” என்றார் கணவர். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அதனால் அந்த வார்த்தை அவளுக்குக் கனத்தது.

தினமும் அவள் பார்த்தது இரண்டு சோதனை. ஒன்று சி.ஆர்.பி. உடம்புக்குள் அழற்சி எவ்வளவு மூண்டிருக்கிறது என்று சொல்வது. இன்னொன்று டி-டைமர். இந்தத் தொற்று முற்றினால் ரத்தம் உடம்பின் நாளங்களுக்குள்ளேயே கட்டி கட்டியாக உறையத் தொடங்கும். உறைந்ததை உடம்பு கரைக்கப் பார்க்கும். கரைக்கும்போது உதிரும் துணுக்குதான் டி-டைமர். பூட்டிய அறைக்குள் தச்சர் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது; ஆனால் கதவிடுக்கு வழியாக மரத்தூள் வந்தால் உள்ளே அறுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் அல்லவா, அதைப் போல. தூள் அதிகமானால் அறுப்பு அதிகம்.

இரண்டாயிரம் என்று அந்த வார்டில் ஒரு கோடு வைத்திருந்தார்கள். துணுக்கின் எண் அதற்கு மேலே இருந்தால் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி இரண்டு வேளை; நோயாளி கண்காணிப்பிலேயே இருக்கவேண்டும். மூச்சு சீராக இருந்து எண் கோட்டுக்குக் கீழே வந்தால் ஊசி ஒரு வேளை. சாதாரண வார்டுக்கு இறக்கலாம். மேலே படுக்கை கிடைக்காமல் வாசலில் ஆம்புலன்ஸ்கள் நின்ற காலம் அது. இறங்க முடிந்தவர்களை உடனே இறக்கினார்கள்.

டீச்சரின் எண் அவள் சேர்ந்த நாளிலிருந்து ஏறிக்கொண்டே வந்தது. மருத்துவமனையில் ஐந்தாம் நாள் மூவாயிரத்து நூற்று அறுபது. அண்ணி அதைத் தொலைபேசியில் கணவருக்குச் சொன்னாள்.

ஆறாம் நாள் காலை பத்தரை மணிக்கு, இயந்திரத்தின் திரையில் ஏழாம் படுக்கைக்கு நேரே ஆயிரத்து எழுநூற்று இருபது என்று வந்தது.

அவள் ஒருமுறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். இரண்டாயிரத்துக்குக் கீழே. கால் தரையில் நிற்கவில்லை. முடிவுக்குக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, அடுத்த குழாயைக்கூடத் தொடாமல் கணவரைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, இறங்கிடுச்சு. பாதியா இறங்கிடுச்சு.”

“நெசமாவா?”

“என் கண்ணால பாத்தேங்க. டீச்சரம்மா இன்னைக்கே சாதாரண வார்டுக்கு வந்துடுவாங்க.”

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நீதான் காப்பாத்தின,” என்றார்.

“நான் என்னத்த காப்பாத்தினேன், மூடி திறந்தேன்,” என்று சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் இனித்தது. பொய் சொல்வானேன், இனித்தது.

சந்தோஷத்தில் அன்று அவள் ஒன்றை மறந்தாள். நேற்றைய எண்களையும் இன்றைய எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அதை நாத்தனாரின் ஒரே ஓர் எண்ணோடு நிறுத்திக்கொண்டு, மற்றவர்களின் முடிவுகளை மளமளவென்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டாள். பதினொன்றரை மணிக்கு நேற்றைய குழாய்களுக்கு விடுதலை கொடுக்கலாமென்று குளிர்பெட்டியைத் திறந்து, தன் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டாள். நாலாம் படுக்கை: நேற்று எட்டாயிரத்து இருநூறு, இன்று நாலாயிரத்துச் சொச்சம். நல்லது. ஒன்பதாம் படுக்கை: நேற்று ஐயாயிரம், இன்று இரண்டாயிரத்து அறுநூறு. நல்லது. பன்னிரண்டு: பாதி. பதினைந்து: பாதி.

அவள் கை நின்றது.

பத்தொன்பது பேர். பத்தொன்பது பேருக்கும் ஒரே ராத்திரியில் ஏறத்தாழ பாதி. கடவுளே இறங்கி வந்தாலும் இப்படி ரேஷன் போட்டமாதிரி சமமாகக் கொடுக்கமாட்டாரே என்று நினைத்தாள். நாலாம் படுக்கைக்காரரைச் செயற்கை சுவாசத்தில் போட்டதே நேற்று மாலைதான். அவருக்கு எப்படிக் குறையும்? உடனே அழற்சியின் பக்கத்தைப் புரட்டினாள். இரண்டு பேரைத் தவிர யாருக்கும் குறையவில்லை. டீச்சரின் சி.ஆர்.பி. தொண்ணூற்றாறிலிருந்து நூற்று இருபத்தொன்றுக்கு ஏறியிருந்தது. நெருப்பு ஏறியிருக்கிறது, மரத்தூள் மட்டும் பாதியாகியிருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. முந்தின நாள் மாலை டி-டைமருக்கான புதுப் பரிசோதனை மருந்துப் பெட்டி வந்திருந்தது. வழக்கமாக வருவது வழியில் எங்கோ மாட்டிக்கொண்டதால், அதே நிறுவனம் வேறொரு தேசத்துக்குச் செய்து வைத்திருந்ததை அனுப்பியிருந்தார்கள். அதே நீல மூடி, அதே பெயர். கூடத்தின் தலைமை அதிகாரி தாமே பிரித்து, இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் ‘கண்ட்ரோல்’ திரவத்தை ஓட்டி, சரியாக இருக்கிறதென்று கையெழுத்திட்டிருந்தார். எல்லாம் விதிப்படிதான் நடந்திருந்தது.

அவள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து நாத்தனாரின் நேற்றைய குழாயை எடுத்தாள். ரத்தத்தின் சிவப்பு அடியில் படிந்து, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு நின்றிருந்தது. அதை இயந்திரத்துக்குள் வைத்தாள். நேற்று மூவாயிரத்து நூற்று அறுபது என்று சொன்ன அதே ரத்தம். நேற்றைய ரத்தத்துக்கு ராத்திரியில் குணமாகாது. அது எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்கவேண்டும்.

பத்து நிமிடம். திரையில் ஆயிரத்து ஐந்நூற்று எண்பது என்று வந்தது.

ஆக, குறைந்தது நோய் அல்ல, அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

பெட்டிக்குள் எட்டாக மடித்திருந்த தாளை எடுத்து, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தை விரல் வைத்துப் படித்தாள். அங்கே இருந்தது. துணுக்கை நிறுப்பதில் இரண்டு கணக்கு உண்டு. ஒருவன் மரத்தூளை மட்டும் நிறுப்பான். இன்னொருவன் அந்தத் தூள் எந்தப் பலகையிலிருந்து உதிர்ந்ததோ, அந்தப் பலகை எடையாகச் சொல்வான். இரண்டும் சரி. ஆனால் பலகைக் கணக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும். இத்தனை வருடமாக இங்கே பலகைக் கணக்கு. புதுப் பெட்டி தூள் கணக்கு. கணினியோ, எண் எது வந்தாலும் பக்கத்தில் பழைய அலகையே அச்சடித்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தது.

அவள் தலைமை அதிகாரியின் அறைக்குப் போனாள். அறை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். ‘திரும்பப் பெறாத முடிவுகள்’ என்று தலைப்பு; கீழே, தப்பான முடிவு எதையும் அனுப்பித் திரும்பப் பெறாமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறதோ அந்த எண். அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டு. தினமும் காலையில் கைக்குட்டையால் துடைத்துத் தம் கையாலேயே எழுதுவார். அதனால் அவருக்குப் பின்னால் ‘போர்டுக்காரர்’ என்று பெயர். நல்ல மனிதர், அந்த எண்ணின்மேல் மட்டும் பெற்ற பிள்ளைபோல் பாசம்.

“சார், இன்னைக்கு அனுப்பின டி-டைமர் பத்தொன்பதும் திரும்ப வாங்கணும்.”

அவர் நிமிர்ந்தார். “கண்ட்ரோல் பாஸ் ஆயிருக்கும்மா. நானே ஓட்டினேன்.”

“பாஸ்தான் சார். கண்ட்ரோலும் அதே பெட்டியில வந்தது, அதோட தாளும் அதே பெட்டியில வந்தது. ஒரே வீட்டு ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொன்ன மாதிரி.” தாளையும் இரண்டு எண்களையும் மேசைமேல் வைத்தாள். “நேத்து ரத்தத்த இன்னைக்கு வெச்சுப் பாத்தேன்.”

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஏழாம் பெட் உங்க சொந்தக்காரங்கதானே?”

“நாத்தனார் சார்.”

“அவங்கள கீழ இறக்கற நேரத்துல நீங்க வந்து நிக்கறீங்க. சொந்தக்காரங்களுக்காகப் பெட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டீங்கன்னு நாளைக்கு யாராவது சொன்னா?”

“சொல்லட்டும் சார். பழைய மருந்து ரெண்டு சோதனைக்கு மிச்சம் வெச்சிருக்கேன். இன்னைக்கு ரத்தத்த அதுல வெச்சுப் பாத்துடலாம். முதல்ல நாலாம் பெட்டுக்காரரோடத வெக்கறேன். அவர் எனக்கு யாருமில்ல.”

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “மிச்சம் வெச்சிருக்கீங்களா? எத்தன தடவ திட்டியிருப்பேன் அதுக்கு.”

“கணக்கு வெச்சுக்கல சார்.”

இருவரும் இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். நாலாம் படுக்கையின் இன்றைய ரத்தம், பழைய மருந்தில்: எட்டாயிரத்து ஐந்நூறு. புட்டியில் இன்னொரு சோதனைக்கு மட்டும் மருந்து இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தானாகக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

“டீச்சரம்மாவோடத வைங்க,” என்றார் அவர்.

மூவாயிரத்து நானூற்று ஐம்பது. நேற்றைவிட ஏறியிருந்தது.

போர்டுக்காரர் வெளியே போனார். கைக்குட்டை எடுக்கவில்லை, வெறும் உள்ளங்கையால் நானூற்றுப் பன்னிரண்டை அழித்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதினார். கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, “நான் கம்ப்யூட்டரச் சரி பண்றேன். வார்டுக்கு நீங்களே சொல்லுங்க. கண்டுபிடிச்சவங்க வாயால போகட்டும்,” என்றார்.

மணி பன்னிரண்டே கால். மூன்றாவது மாடி டாக்டர் சின்ன வயசுப் பெண். குரலில் பல நாள் தூக்கம் பாக்கியிருந்தது.

“பாதியா இறங்கிடுச்சுன்னு நீங்கதானேம்மா அனுப்பினீங்க? ஏழாம் பெட்டை ஒரு மணிக்கு இறக்கறோம். கீழ ஆம்புலன்ஸ்ல ஒருத்தர் அந்த பெட்டுக்காகக் காத்துட்டிருக்கார். இப்ப வந்து தப்புன்னா நான் அவருக்கு என்ன சொல்றது?”

“தப்பு என்னோடது டாக்டர். அனுப்பினதும் நான், கையெழுத்தும் நான். ஏழாம் பெட் இறங்கல, ஏறியிருக்கு. ஆனா ஒண்ணு. பத்தொன்பது பேரோடதையும் ரெண்டால பெருக்கிப் பாத்தேன். பதினோராம் பெட்டும் பதினேழாம் பெட்டும் பெருக்கின பிறகும் இரண்டாயிரத்துக்குக் கீழதான் இருக்காங்க. அவங்களுக்கு அழற்சியும் குறைஞ்சிருக்கு. அவங்களுக்கு நெசமாவே நல்லாயிட்டு வருது.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். “பதினொண்ணு... ஆமா, ரெண்டு நாளா மூச்சும் நல்லா இருக்கு. சரி, அவரை இறக்கறேன்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்க பேர் என்ன?” என்றாள் டாக்டர்.

“மிச்சம்னு சொன்னா தெரியும்,” என்றாள் இவள்.

அடுத்த தொலைபேசிதான் கஷ்டம். கணவர் இதற்குள் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். சாதாரண வார்டில் தங்கைக்கு வேண்டுமென்று தலையணை உறைகூட வாங்கி வைத்திருந்தார்.

“என்ன சொல்ற நீ? காலையில இறங்குதுன்ன, மத்தியானம் ஏறுதுங்கற.”

“அளவு மாறிடுச்சுங்க. நான்தான் கவனிக்காம—”

“அவளைக் கீழ விடவேண்டாம்னு நீயா சொன்ன?”

“நான்தான் சொன்னேன்.”

“அவ உன்னைப் பேசினதெல்லாம் எனக்குத் தெரியும். அதுக்காக...” என்று தொடங்கியவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். நிறுத்தினார்தான், ஆனால் அம்பு வில்லை விட்டுப் போய்விட்டது. அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, கையுறையை மாற்றிக்கொண்டு, அடுத்த குழாயை எடுத்தாள். அது அவள் இருபத்தாறு வருடமாகப் பழகிய வேலை. கண்ணில் நீர் நிற்கும்போதும் குழாயைக் கோட்டளவு பார்க்க அவளுக்குத் தெரியும்.

கால் மணி நேரத்தில் அவளுடைய தொலைபேசி அடித்தது. நாத்தனார். அண்ணன் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார். பேச்சுக்கு நடுவே பிராணவாயு ஓடும் ‘உஸ்’ சத்தம். ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

“அண்ணி. நான் கீழ வரக்கூடாதுன்னு... சொன்னீங்களாமே.”

“ஆமா.”

“ஏன்? உங்களுக்கு ஆகாதா?”

“உன் எண் குறையல. மருந்துப் பெட்டி மாறிடுச்சு. அது வேற கணக்குல அளக்குது. நேத்து ரத்தத்தயே அதுல வெச்சேன், அதுவும் பாதிதான் காட்டுது.”

அண்ணி வசவுக்குத் தயாராகிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அலகு மாறியிருக்கா?” என்றாள் டீச்சர். குரலே வேறாக இருந்தது. வகுப்பறைக் குரல்.

“மாறியிருக்கு.”

“எத்தனை மடங்கு?”

“கிட்டத்தட்ட ரெண்டு.”

“அப்ப என்னோடது... மூவாயிரத்தி நானூத்தி நாப்பது.”

“பழைய மருந்துலயும் வெச்சுப் பாத்தேன். மூவாயிரத்தி நானூத்தி அம்பது.”

“பத்துதான் வித்தியாசம். பரவால்ல, ஏத்துக்கலாம்.” மூச்சு. “சே. அலகு போடாத விடைக்கு... நானே முழு மார்க் போட்டுட்டேனே அண்ணி. காலையிலேர்ந்து பையை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கேன்.”

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“அண்ணி, இன்னொண்ணு.” குரல் சின்னதாகியது. “இடது கெண்டைக்கால்... விடியற்காலையிலேர்ந்து இழுத்துப் பிடிக்குது. கொஞ்சம் வீங்கியும் இருக்கு. கீழ போற சந்தோஷத்துல... யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நிறுத்திடுவாங்கன்னு.”

“காலை அமுக்காத. நடக்காத. அப்படியே படு,” என்று அண்ணி சொன்ன தொனியில் கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடி அவள் இன்னொரு கையால் வார்டின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு வந்த தள்ளுவண்டி பதினோராம் படுக்கைக்காரரை ஏற்றிக்கொண்டு இறங்கியது. அதே நேரத்தில் ஏழாம் படுக்கையருகே ஸ்கேன் கருவியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். டீச்சரின் இடது கால் ரத்த நாளத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு, ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகுமுன் பிடித்துவிட்டார்கள். ஊசியைக் குறைப்பதற்குப் பதிலாக முழு அளவுக்கு ஏற்றினார்கள். “சாதாரண வார்டுக்கு அனுப்பி ஊசியையும் பாதியாக்கியிருந்தா, இப்ப உங்ககிட்ட வேற சேதி சொல்லவேண்டியிருந்திருக்கும்,” என்று மாலையில் அந்தச் சின்ன டாக்டர் கீழே கூப்பிட்டுச் சொன்னாள். “எங்க வார்டுல எழுதி ஒட்டிட்டேன். மிச்சம் அக்கா கூப்பிட்டா யார் தூங்கினாலும் எழுப்பணும்னு.”

அன்று வேலை முடிந்து அவள் வெளியே வந்தபோது கணவர் மருத்துவமனை வாசலில், மழைக்கு ஒதுங்கியவர்போல் சுவரோரம் நின்றிருந்தார். கையில் அந்தத் தலையணை உறை.

“தங்கச்சி எல்லாம் சொன்னா,” என்றார். “என்னை ஒரு மணி நேரம் திட்டினா. மூச்சு வாங்கிக்கிட்டே திட்டினா. உன்கிட்ட கால்ல விழணும்னா.”

“இங்கயா? எல்லாரும் பாப்பாங்க. வீட்டுக்குப் போய் விழுங்க,” என்றாள். உறையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேண்டியிருக்கும்.

டீச்சரின் எண் அடுத்த நாள் ஏறியது. அதற்கடுத்த நாள் நின்றது. பிறகு ஒவ்வொரு படியாக, பத்தொன்பது பேரோடு சேர்ந்து ஒரே நாளில் அல்ல, தன் கணக்குக்குத் தானாக இறங்கியது. தினமும் எண்ணைச் சொன்னதும் மேலேயிருந்து “அலகு?” என்று கேட்பாள். அண்ணி அலகோடு சொல்வாள். டீச்சருக்கு அது வேண்டியிருந்ததோ இல்லையோ, கேட்பதில் ஒரு சுகம்.

மொத்தம் இருபத்தைந்து நாள் இருந்துவிட்டு டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினாள். பாதி உடம்பாகியிருந்தாள், வாய் மட்டும் முழுசாக இருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போகாமல், “அண்ணி வேலை செய்யற இடத்தைப் பாக்கணும்,” என்று கீழ்த்தளத்துக்கு வந்து நின்றாள். உள்ளே விடமாட்டார்கள்; கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அண்ணி குளிர்பெட்டியைத் திறந்து கீழ்த்தட்டைக் காட்டினாள். வரிசை வரிசையாக நேற்றைய குழாய்கள். டீச்சர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

திரும்பும்போது அந்தக் கரும்பலகை கண்ணில் பட்டது. பத்தொன்பது என்று எழுதியிருந்தது.

“இது என்ன சார் பத்தொன்பது?” என்று அங்கே நின்ற போர்டுக்காரரைக் கேட்டாள்.

“உங்க விஷயத்துல தப்பு பண்ணி, திரும்ப வாங்கி, பத்தொன்பது நாள் ஆச்சும்மா. மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுறோம்.”

“பத்தொன்பது என்ன? ஆடா, மாடா?” என்றாள் டீச்சர். பலகைக்குக் கீழே கட்டியிருந்த சாக்பீஸை எடுத்து, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘நாள்’ என்று எழுதினாள். போர்டுக்காரர் தடுக்கவில்லை. அந்தப் பலகையில் அவரைத் தவிர வேறு கை எழுதியது அதுதான் முதல் தடவை.

வாடகைக் காரில் அண்ணன் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் அண்ணியும் நாத்தனாரும். கார் நகர்ந்ததும் ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்து, “அங்க வேலை பாக்கறீங்களாம்மா?” என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி பதில் சொல்ல வாயெடுக்குமுன் டீச்சர் குறுக்கிட்டாள்.

“எங்க அண்ணியா? அந்த ஆஸ்பத்திரியே எங்க அண்ணி கையிலதான் இருக்கு. ஒரு நாளைக்குப் பத்தொன்பது பேரோட கணக்கு தப்பா போச்சு. கம்ப்யூட்டர் சரின்னுச்சு, மெஷின் சரின்னுச்சு, பெரிய ஆபீசர் சரின்னாரு. எங்க அண்ணி ஒருத்தி, நேத்து ரத்தத்த எடுத்து வெச்சு, இல்லடான்னு சொன்னாங்க. அது நடந்திருக்கலன்னா, தம்பி, இப்ப உன் வண்டியில ரெண்டு பேர்தான் உக்காந்திருப்பாங்க.” மூச்சு வாங்கியது. வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். “இவங்ககிட்ட ஒரு பொருள் போச்சுன்னா அதுக்குச் சாவே கிடையாது. நான்கூட அப்படித்தான் தப்பிச்சேன்.”

அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் குடியிருந்த முள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டிருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. கடைசி பெஞ்சுப் பெண்போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டீச்சர் தண்ணீர் குடித்து முடித்து, காலி பாட்டிலை இருக்கையில் வைக்கப் போனாள். என்ன நினைத்தாளோ, மூடியைத் தேடி எடுத்துத் திருகி, பாட்டிலை அண்ணியின் பைக்குள் வைத்தாள்.

“எறிஞ்சிடாதீங்க,” என்றாள்.